தீப்பெட்டிப் பாட்டில் இரண்டாம் சுற்று

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

கம்பி எழுதுகிறேன். கவரின் பின்னால் பெயர் போடவில்லை. போட்டிருந்தால் பிரிக்காமலே குப்பையில் எறிந்திருப்பாய். போன் பண்ணினால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். கிழிப்பதாக இருந்தாலும் பாதியாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். நம் கடைசிக் கச்சேரியின் டேப் கிடைத்திருக்கிறது. துறைமுகச் சங்க மண்டபத்தில் வாசித்தோமே, அதுதான். சவுண்டுக்காரர் அன்றைக்கு நம்மிடம் மூச்சு விடாமல் பதிவு செய்து வைத்திருக்கிறார். இப்போது வீடு மாற்றும்போது கம்பளிப் பெட்டிக்கு அடியிலிருந்து வந்திருக்கிறது. டிரம்ஸ் தனி, பேஸ் தனி, பாட்டு தனி, உன் கிட்டார் தனி, என் கிட்டார் தனி. ஒரு கம்பெனிக்காரப் பெண் கேட்டுவிட்டு, இதை இசைத்தட்டாகப் போட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

சின்னப் பெண். பழைய ராக் என்றால் உயிராம். "சார், உங்க பேண்டுல லீட் யாரு, ரிதம் யாரு?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும் லீட்தாம்மா" என்றேன். "அப்ப பின்னணி யார் வாசிப்பாங்க?" "யாருக்குச் சுத்து இல்லையோ அவன்." அவள் முழித்ததைப் பார்க்க வேண்டுமே! உட்காரவைத்துச் சொன்னேன். 'நனைந்த தீப்பெட்டி' பாட்டின் நடுவில் கிட்டார் மட்டும் முன்னால் வரும் மூன்று சுற்று; முதல் சுற்று எனக்கு, இரண்டாம் சுற்று உனக்கு, மூன்றாம் சுற்றில் இரண்டு பேரும் சேர்ந்து, நான் மேல் சுரம், நீ கீழ் சுரம்.

கைமாத்து பற்றியும் சொன்னேன். என் சுற்றின் கடைசிச் சுரத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். நீ வால்யூமை மூடிவைத்துக் கம்பியைத் தட்டிவிட்டு, சுண்டுவிரலால் மெல்லத் திறந்து அதே சுரத்தில் வந்து சேருவாய். வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாய். நான் என்னுடையதை மூடுவேன். யார் எங்கே முடித்தான், யார் எங்கே ஆரம்பித்தான் என்று மண்டபத்தில் ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது. கைமாத்து என்று பெயர் வைத்தது நம் டிரம்ஸ்காரன் இடிதான், ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கு எப்போதும் கடன் நினைப்பு.

மனம் விட்டுச் சொல்கிறேன், அன்றைய தீப்பெட்டிப் பாட்டின் லீட்தான் அந்த டேப்பிலேயே உச்சம். கேட்டுவிட்டு "யார்ரா இவன்?" என்று நானே கேட்டேன். இடி கையெழுத்துப் போட்டுவிட்டான். பேஸ் வாசித்த மௌனி வழக்கம்போல ஒன்றும் பேசாமல் போட்டான். பாட்டுக்காரன் இரண்டு முறை போட்டான், அவனுக்கு எதுவும் ஒருமுறை போதாது. உன்னுடையது மட்டும் பாக்கி. காகிதம் இத்துடன் இருக்கிறது. பழசைக் கிளறாமல் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கம்பி


மார்ச் 15

கம்பி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. முழுவதும் படித்தேன். பதில்: முடியாது.

இத்துடன் நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் "பழசைக் கிளறாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். பழசைத் தோண்டி எடுத்துக் கடிதத்தில் வைத்து அனுப்புகிறவரே, கிளறாதே என்றும் சொல்கிறீர்கள். அந்தத் துணிச்சல் உங்களுக்கு எப்போதும் உண்டு.

அன்றைய தீப்பெட்டிப் பாட்டின் லீட் உச்சம் என்கிறீர்கள். இருக்கலாம். அதில் இரண்டாம் சுற்று யாருடையது? என்னுடையது. வாசித்தது யார்? தாங்கள். மூன்றாம் சுற்றிலும் மேல் சுரத்தைத் தனியாக வாசித்து முடித்தீர்கள். நான் கிட்டாரை மாட்டிக்கொண்டு துணிக்கடைப் பொம்மைபோல நின்றேன். எதிரே முன்வரிசையில் உங்கள் தங்கை, என் மனைவி.

அவள் எப்படி வந்தாள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? டாக்டரிடம் கெஞ்சி ஒரு மாலைக்கு மட்டும் அனுமதி வாங்கி வந்தாள். காரிலிருந்து நாற்காலிவரை அவளை நானும் மௌனியும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தோம். அந்தக் குளிரில் என் கோட்டையும் அவள் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள். ஏன் வந்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் கம்பியில் என் விரல்கள் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டார் இல்லாமல் விரலை மட்டும் வைத்து அவளுக்காகவே ஒரு புது இரண்டாம் சுற்று கட்டிக்கொண்டிருந்தேன். "என்னங்க அது, சத்தமே இல்லாம?" என்று கேட்டாள். "கச்சேரிக்கு வா, சத்தத்தோட காட்டறேன்" என்றேன். அதற்காக வந்தாள்.

அந்தச் சுற்று இன்றுவரை வாசிக்கப்படவில்லை. அதன் இடத்தில் உங்களுடையது இருக்கிறது. அதைத் தட்டாகப் போட்டு ஊருக்கு விற்க என் கையெழுத்து வேண்டுமாம்.

இப்போது ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. சாணைச் சக்கரத்தின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. நிம்மதியாக இருக்கிறது. விரல் நகத்தில் தூள் சேரும் என்பதால் ஒட்ட வெட்டிவிட்டேன். ஆகவே, நகத்தாலேயே வாசிக்கிறேன் என்று பேண்டில் வைத்த 'நகம்' என்ற பெயரைப் பழையபடி கையெழுத்தாகப் போடவும் வழியில்லை.


மார்ச் 22

மாப்பிள்ளைக்கு,

"தாங்கள்", "அவர்களுக்கு"! அடேயப்பா! ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே வேனில் ஒருவன் தோளில் ஒருவன் எச்சில் வடித்துத் தூங்கியவர்கள் நாம். இப்போது மின்சார வாரியத்துக்கு மனு எழுதுவதுபோல எழுதுகிறாய். எழுது. எனக்கென்ன.

நான் உன் சுற்றைப் பறித்தேன் என்று இத்தனை வருஷமும் உறவுக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாய். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. இப்போது கேள். முதல் சுற்றை முடித்துக் கடைசிச் சுரத்தைப் பிடித்தேன். உன் பக்கம் திரும்பினேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கை அசையாமல் சிலைபோல நின்று முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சரி, வருவான் என்று பிடித்துக்கொண்டே நின்றேன். இடி அந்தப் பக்கம் தாளத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறான், "என்னடா?" என்று கண்ணால் கேட்கிறான். நீ திரும்பவே இல்லை. மண்டபம் நிறைய ஜனம். ஒரே சுரத்தை எத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நிற்பது, பஸ் ஹார்ன் மாதிரி? போனேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

கைமாத்து வாங்குகிறவன் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் கொடுக்கிறவன் விடுவான். அது நீயும் நானும் சேர்ந்து வைத்த சட்டம். சட்டத்தை மீறியது நீ.

இன்னொன்று. உன் மனக்கசப்பு ஒரு பாட்டோடு நிற்கிறது. என்னுடையது அத்தோடு நிற்கவில்லை. அவள் உனக்கு மனைவி ஆவதற்கு முன்னால் எனக்குத் தங்கை. கச்சேரிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை வந்தேன்! மூன்றாம் மாடி, வராந்தாவின் கடைசி அறை. ஒவ்வொரு தடவையும் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நீ நிற்பாய். "தூங்குறா." அவ்வளவுதான். "எழுந்ததும் வரவா?" என்றால், "எப்ப எழுந்திருப்பான்னு தெரியாது." ஆரஞ்சுப் பையை உன் கையில் திணித்துவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். கோடை முழுவதும் நடந்தேன். ஒரு மனுஷி அவ்வளவு தூங்குவாளா? என் தங்கையின் முகத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அந்த மண்டபத்தில்தான். ஒரு சுற்றுக்கு நீ என்னிடம் வாங்கிய வட்டி அது.

ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடு.

கம்பி


ஏப்ரல் 2

கம்பிக்கு,

அன்று நான் உள்ளே வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அல்லது வயதாகி மறந்துவிட்டீர்கள். நான் கம்பியைத் தட்டி, வால்யூமைத் திறந்து, உங்கள் சுரத்துக்குள் சரியாக வந்து நின்றேன். கை அசையவில்லை என்கிறீர்களே, சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் கை எப்படி அசையும்? விரலை ஆட்டக்கூடாது, அந்த ஒரு சுரத்தில் நடுக்கம் வரக்கூடாது என்பதும் நம் சட்டம்தானே. கொடுக்கிறவன் மூடும்வரை வாங்குகிறவன் அந்தச் சுரத்தைவிட்டு நகரக்கூடாது என்பதும் சட்டம்தான். நான் நகரவில்லை. நீங்கள் மூடுவதற்காகக் காத்திருந்தேன். நீங்கள் மூடவில்லை. திடீரென்று மேலே தாவி என் சுற்றுக்குள் போனீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் லீட் வாசித்தால் சந்தைக்கடையாக இருக்கும். அவள் எதிரே எனக்கு அது வேண்டாம். நான் மூடிவிட்டேன்.

உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது நிஜம். ஏன் தெரியுமா? நான் வால்யூமைத் திறக்கும் நேரம் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் மூடியிருந்தது. கோட்டுக்குள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ரசிக்கிறாளா, மயங்கிவிட்டாளா, அதற்கும் மேலா என்று தெரியவில்லை. அந்த நிலையில் உங்கள் திருமுகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மன்னிக்கவும்.

தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது என்கிறீர்களே. சவுண்டுக்காரரிடம் சொல்லி என் கிட்டாரை மட்டும் போடச் சொல்லுங்கள். காது இருந்தால் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக் கதவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை நானாகச் சொல்லவில்லை. அவள் சொல்லச் சொன்னாள், சொன்னேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.


ஏப்ரல் 19

மாப்பிள்ளை,

போய்க் கேட்டேன். இடியையும் கூட்டிக்கொண்டு போனேன், சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று. யாருக்குச் சாட்சி என்று நினைத்துப் போனேன் என்று நீயே தெரிந்துகொள்வாய்.

சவுண்டுக்காரரின் புது வீட்டில் படுக்கை அறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுவதும் மெத்தையைச் சாய்த்து வைத்திருக்கிறார். உன் கிட்டாரை மட்டும் போட்டார். என் முதல் சுற்று நடக்கும்போது நீ பின்னணி வாசித்தது கேட்டது. அப்புறம் நிறுத்தினாய். ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் மட்டும். அப்புறம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அந்தச் சுரம் கிளம்பி வந்தது. நடுக்கம் இல்லை, பிசிறு இல்லை. வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் மெல்ல மூடினாய். கிட்டார் வாரின் கொக்கி ஒருமுறை இடித்தது. அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை உன் பக்கம் இரைச்சல்தான். நடுவில் ஒரு இருமல்.

அடுத்து என்னுடையதை மட்டும் போட்டார். அதே இடம், அதே சுரம். அடுத்து இரண்டையும் சேர்த்துப் போட்டார். மாப்பிள்ளை, இரண்டு என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றாகத்தான் கேட்கிறது. எங்கே நீ உள்ளே வருகிறாய் என்று தெரிந்து காத்திருந்து கேட்டும் பிடிபடவில்லை. அன்றைக்கு என் ஆம்ப் என் முதுகில் கத்திக்கொண்டிருந்தது, நடுவில் இடியின் டிரம்ஸ், அந்தப் பக்கம் நீ. எப்படித் தெரியும்? நீ வருவாய் என்று நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் விடுவேன் என்று நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய். எவனுக்கும் தெரியக்கூடாது என்று பதினெட்டு வயதிலிருந்து பழகினோம். கடைசியில் நமக்கே தெரியவில்லை.

இடி தலையில் கை வைத்துக்கொண்டான். "ரெண்டு பேரும் சரியா செஞ்சிருக்கீங்கடா. அதுல வந்த வினைடா இது" என்றான். அவன் இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சவுண்டுக்காரர் ஒரு வழி சொல்கிறார். இரண்டாம் சுற்றில் என் கிட்டாரை மூடிவிடலாம். நீ வந்து உன் சுற்றை இப்போது வாசித்துச் சேர்க்கலாம். நீ கட்டிவைத்த அந்தப் புதுச் சுற்றையே வாசி. நான் வாசித்ததிலேயே நல்லது அன்றைய சுற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் மூடச் சம்மதிக்கிறேன். வாத்தியக் கடையில் நாளெல்லாம் பையன்களுக்குக் கம்பி மாட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு, நானும் ஒருகாலத்தில் வாசித்தேன் என்று காட்ட இருப்பது அது ஒன்றுதான். அதைத் தருகிறேன். வா. நகம் வளர்கிறவரை காத்திருக்கிறோம்.

கம்பி


மே 1

கம்பிக்கு,

தருகிறாயா? பெரிய மனசு.

ஒரு சுரம்வரை நடந்ததற்குத் தவறு என்று பெயர், ஒப்புக்கொள்கிறேன். அது என் தவறும்தான். ஆனால் நீ ஒரு சுரத்தோடு நிற்கவில்லையே. சுற்று முழுவதும் வாசித்தாய். அதற்கு என்ன பெயர்? என் பக்கம் மறுபடி திரும்பியிருக்கலாம். பாதியில் இறங்கியிருக்கலாம். மூன்றாம் சுற்றை எனக்காகவாவது நிறுத்தியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாசித்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது டேப்பில் வராது.

வந்து வாசிக்க மாட்டேன். யாருக்காகக் கட்டினேனோ அவள் இல்லை. கம்பெனிக்காரப் பெண்ணுக்காக அதை வாசிக்க முடியாது.

டேப் ஏன் வெளியே வரக்கூடாது என்று இதுவரை உனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன், நீ விடமாட்டாய்போல இருக்கிறது. அன்று திரும்பும்போது அவள் காரில் என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் உன்னைத்தான் திட்டியிருப்பேன். அவளே பேசினாள். "இன்னிக்கு ரெண்டாவதா வாசிச்சீங்களே, அதான்... அதுக்குத்தானே கட்டில் கம்பியெல்லாம் தேய்ச்சீங்க? போதுங்க எனக்கு" என்றாள். அவளே தொடர்ந்தாள். "அண்ணன் இன்னிக்கு உங்களுக்காக அடக்கி வாசிச்சான், பாத்தீங்களா?"

கேட்டாயா? நீ அடக்கி வாசித்தாயாம்! என்னத்தைச் சொல்வது? கண் மூடியிருந்தாள் அல்லவா, நீ வாசித்ததை நான் வாசித்தது என்று நினைத்துக்கொண்டாள். "ஆமா, உனக்காகத்தான்" என்றேன். அந்தப் பேச்சோடு ஆஸ்பத்திரிக்குள் போனவள்தான். வெளியே வரவில்லை.

போகும்முன் எங்கள் மகளிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது அவளுக்கு நினைவு தெரியாத வயது. அப்புறம் அவள் வளர்ந்ததே என்னிடம் அந்தக் கதையைக் கேட்டுத்தான். அம்மாவுக்காக அப்பா வாசித்த சுற்று. யார் வீட்டுக்குப் போனாலும் சொல்வாள், "எங்கப்பா ஒரே ஒரு நாள் வாசிச்சார், எங்கம்மாவுக்காக." அந்தத் தட்டு வந்தால் உன் மருமகள்தான் முதலில் வாங்குவாள். கவரில் இரண்டாம் சுற்று யார் என்று அச்சடித்திருக்கும். அச்சடிக்காவிட்டாலும் உன் பிளாஸ்டிக் பிக் சத்தத்துக்கும் என் நகத்துச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத காது அவளுக்கு இல்லை.

என் மனைவியின் கடைசி சந்தோஷம் உன் கை. அதை என்னுடையது என்று வைத்துக்கொண்டு வாழ்கிறேன். இதை ஊருக்குக் காட்டத்தான் கையெழுத்துக் கேட்கிறாய். போடமாட்டேன்.


மே 9

மாப்பிள்ளை,

இந்தக் கடிதத்தை எழுதக்கூடாது. ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் போன பிறகும் காப்பாற்றினேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு காப்பாற்ற முடியவில்லை.

மகளுக்கு வித்தியாசம் தெரியும் என்கிறாய். அவள் அம்மாவுக்குத் தெரியாதா? நீயும் நானும் முன்னறையில் பழகும்போது அவள் சமையலறையிலிருந்தே கத்துவாளே, "அண்ணா, ரெண்டாவது ஆள் வந்தாச்சா, டீ எத்தனை போடணும்?" என்று. கதவு சாத்தியிருக்கும், நீ வந்து இரண்டு சுரம்தான் தட்டியிருப்பாய். உன் நகச் சத்தத்தைக் கேட்டுத்தானே அவளுக்கு உன்னையே பிடித்தது! கண்ணை மூடிவிட்டால் காதும் மூடிவிடுமா?

கச்சேரி முடிந்ததும் நீ காரைக் கொண்டுவரப் போனாய். அவள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடினேன், பாராட்டுவாள் என்று. அப்படித்தான் நினைத்தேன், நான் ஒரு முட்டாள். "எனக்கு ஒரு கைதான் கேட்டது அண்ணா" என்றாள். "அவன் வரலம்மா, நான் பார்த்தேன்..." என்று ஆரம்பித்தேன். "அவர் இடத்தையும் சேர்த்து வாசிச்சிட்டே. திருப்தியா?" என்றாள். மேலே பேசவிடவில்லை. "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம். அவர்கிட்ட நான் வேற மாதிரி சொல்லிக்கறேன். நீ வாயத் திறக்காதே." அதற்குள் உன் கார் வந்துவிட்டது.

அவள் ஏமாறவில்லை, மாப்பிள்ளை. நீ கூசிப்போய் நிற்கக்கூடாது என்று காரில் உனக்கு ஒரு பொய் சொன்னாள். நீ அதை மெய் என்று நினைத்து ஒரு பொய் சொன்னாய். உனக்காவது அவள் ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு நிஜத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஏன் நிறுத்தாமல் வாசித்தேன் என்று கேட்டாய். நன்றாக வந்துகொண்டிருந்தது. விட மனசு வரவில்லை.

அதை அவளிடம் சொல்லத்தான் அந்தக் கோடை முழுவதும் வந்தேன். நீ பார்க்கவில்லை, நான் வேண்டுமென்று பறிக்கவில்லை, ஆரம்பத்திலாவது இல்லை என்று சொல்ல வந்தேன். இப்போது டேப்பே சாட்சி. யாரிடம் போட்டுக் காட்டுவது?

கையெழுத்துப் போடு, போடாதே, எனக்கு இனி ஒன்றுதான். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அவள் சொல்லச் சொன்னாள் என்று எழுதியிருந்தாய். நான் வரும்போதெல்லாம் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாளா?

கம்பி


மே 20

மச்சான்,

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதையும் மூட வேண்டாம், எதையும் புதிதாகச் சேர்க்கவும் வேண்டாம். இரண்டாம் சுற்றுக்கு உன் பெயரையே போடச் சொல். மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தையும் படித்தாள். "அம்மா உங்களுக்காகப் பொய் சொன்னாங்களா!" என்று ஒரு தடவை கேட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள்.

பார்க்க வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. உட்கார்ந்து பேச நமக்குள் என்ன இருக்கிறது? நீ கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை நிஜமாகவே தூங்கினாள். அதற்குப் பிறகு தூங்கவில்லை. வராந்தாவில் உன் செருப்புச் சத்தம் கேட்டதும், "தூங்கறேன்னு சொல்லிடுங்க" என்பாள். வலி, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் உன்னை உள்ளே விட ஆசை இல்லை, அதனால் காரணம் கேட்கவில்லை.

நீ போனதும் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளச் சொல்வாள். சக்கரம் வைத்த கட்டில்தானே, தள்ளுவேன். அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலும் எதிரே பஸ் ஸ்டாப்பும் தெரியும். நீ வாசலைத் தாண்டி வெளியே வருவாய். "தலையில ஒரு துணிகூடப் போடாம இந்த வெயில்ல நடக்கறான் பாருங்க" என்பாள். நீ பஸ் ஏறும்வரை பார்ப்பாள். அப்புறம் உன் ஆரஞ்சில் ஒன்றை உரித்துத் தரச் சொல்வாள்.

கடைசியாக நீ வந்த அன்றைக்கு பஸ் ரொம்ப நேரம் வரவில்லை. நீ கம்பத்தில் சாய்ந்து நின்றாய். அவள் ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு தடவ நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தான்னா, கூப்பிட்டுடுங்க" என்றாள். நான் கையை ஜன்னல் கொக்கியில் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாய், மச்சான். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாய்.